ஔரங்கசீப் ஆட்சியும் அது விட்டுச்சென்றதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஔரங்கசீப் பேரை எடுத்தாலே ஒரு பக்கம் வசை, இன்னொரு பக்கம் வக்காலத்து. இரண்டுக்கும் வெளியே அவர் காலத்து ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. தமிழ்நாட்டு மண்ணிலும் அவர் ஆட்சியின் தடம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. பாடப்புத்தகம் அதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவதால், இங்கே அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஔரங்கசீப் யார்? எத்தனை ஆண்டு ஆண்டார்?

ஷாஜகானுக்கும் மும்தாஜ் மகாலுக்கும் பிறந்த மகன்களில் மூன்றாமவர். 1618 நவம்பரில் குஜராத்தில் உள்ள தாஹோத் என்ற ஊரில் பிறந்தார். 1658இல் அரியணை ஏறி, 1707 மார்ச்சில் 88 வயதில் இறக்கும்வரை ஏறத்தாழ 49 ஆண்டு ஆண்டார். ஆலம்கீர் என்பது பட்டப்பெயர். முகலாயப் பேரரசு மிகப் பெரிதாக விரிந்தது இவர் காலத்தில்தான். காபூலில் தொடங்கி, கடைசியில் தஞ்சையும் மதுரையும் கப்பம் கட்டும் அளவுக்கு அது நீண்டது.

அண்ணன் தம்பிகளைக் கொன்று, அப்பாவைச் சிறையில் போட்டுத்தான் அரசரானாரா?

ஆமாம். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. 1657 செப்டம்பரில் ஷாஜகான் நோய்வாய்ப்பட்டதும் நான்கு மகன்களும் படை திரட்டினார்கள். முகலாயர்களிடம் மூத்தவனுக்கே பட்டம் என்ற சட்டம் கிடையாது. ஷாஜகானும் தன் உடன்பிறந்தவர்களை ஒழித்துவிட்டு வந்தவர்தான். 1658இல் தர்மத், சாமூகர் ஆகிய இரண்டு போர்களில் ஔரங்கசீப்பும் தம்பி முராதும் சேர்ந்து வென்றார்கள். உடனே முராதைப் பிடித்துச் சிறையில் வைத்தார் ஔரங்கசீப். 1661இல் அவருக்கு மரண தண்டனை. மூத்த அண்ணன் தாரா ஷிகோவுக்கு 1659லேயே தண்டனை நிறைவேறிவிட்டது. இன்னொரு அண்ணன் ஷுஜா இன்றைய மியான்மரில் உள்ள அரக்கானுக்கு ஓடி அங்கே மாண்டார். தந்தை ஆக்ரா கோட்டையில் மகள் ஜஹனாராவின் பராமரிப்பில் கைதியாக இருந்து 1666இல் இறந்தார்.

தாரா ஜெயித்திருந்தால் இந்தியாவின் வரலாறே வேறாக இருந்திருக்கும் என்று பலர் ஏங்குவார்கள். உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர், அன்பான உள்ளம் கொண்டவர், சரி. ஆனால் காந்தஹாரை மீட்கப் போய்த் தோற்றுத் திரும்பியவர், பிரபுக்கள் பலரைப் பகைத்துக்கொண்டவர். படையை நடத்தத் தெரிந்தவர் கையில்தான் அன்று அரியணை போயிருக்கும். அது ஔரங்கசீப் கைக்குப் போனதில் வியப்பில்லை.

கோயில்களை இடித்தாரா, இல்லையா?

இடித்தார். 1669இல் காசி விசுவநாதர் கோயில், 1670இல் மதுராவின் கேசவதேவர் கோயில் இரண்டும் அவர் ஆணைப்படி இடிக்கப்பட்டன. இது அவரது ஆட்சியைப் போற்றி எழுதப்பட்ட பாரசீக வரலாற்றிலேயே இருக்கிறது. யாரோ எதிரிகள் கட்டிய கதை அல்ல.

கோயில்களுக்கும் மடங்களுக்கும் கொடை தந்தாரா என்றால் அதற்கும் பதில் ஆமாம்தான். காசியில் உள்ள வீரசைவ ஜங்கம மடத்துக்கு அவர் தந்த ஆணைகள் கிடைத்திருக்கின்றன. குவாஹாத்தியின் உமானந்தர் கோயிலுக்கு நிலம் உறுதிசெய்யப்பட்டது. சத்ருஞ்சய மலைச் சமணத் தலங்களுக்கும் ஆணைகள் உண்டு. பழைய கோயில்களை இடிக்கக் கூடாது, புதிதாகக் கட்டவும் விடக்கூடாது, அங்குள்ள பிராமணர்களை யாரும் தொல்லை செய்யக் கூடாது என்று 1659இல் காசி அதிகாரிக்கு அவர் அனுப்பிய ஆணை புகழ்பெற்றது.

அப்படியானால் ஏன் சில கோயில்கள் மட்டும்? கலகம் செய்தவர்களின் ஆதரவில் இருந்த கோயில்களைத் தண்டனையாக இடித்தார் என்பது ஒரு விளக்கம். மதுராவுக்கு இது பொருந்துகிறது. அந்தப் பகுதியில் ஜாட் மக்களின் கலகம் நடந்துகொண்டிருந்தது, அந்தக் கோயிலுக்குத் தாராவின் ஆதரவும் இருந்தது. ஆனால் இந்த ஒரே சாவியால் எல்லாப் பூட்டும் திறக்காது. 1680இல் மேவார்ப் போரின்போது உதய்பூர், சித்தோர் பகுதிகளில் இருநூறுக்கு மேற்பட்ட கோயில்கள் இடிக்கப்பட்டதாக அதே பாரசீக வரலாறு சொல்கிறது. கூடவே இன்றைய ஜெய்ப்பூரை ஒட்டிய ஆம்பேரில் 66 கோயில்கள் என்றும் சொல்கிறது. ஆம்பேர் அரசர்கள் கலகக்காரர்கள் அல்ல, முகலாயருக்குத் தலைமுறை தலைமுறையாகப் படை நடத்தியவர்கள். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எண்ணிக்கை எப்படியோ போகட்டும், அரசியல் கணக்கும் மதப் பற்றும் அவருக்குள் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை என்பதே என் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டின.

ஜிஸியா வரி என்றால் என்ன? எவ்வளவு?

முஸ்லிம் அல்லாத ஆண்கள் மீதான தலைவரி. அக்பர் 1564இல் நீக்கியதை ஔரங்கசீப் 1679இல் திரும்பக் கொண்டுவந்தார். வசதிக்கேற்ப மூன்று படிகள்: ஆண்டுக்கு 12, 24, 48 திர்ஹம். பெண்கள், குழந்தைகள், உடல் ஊனமுற்றோர், வருமானமே இல்லாதவர்கள், அரசுப் பணியில் இருந்த இந்துக்கள் ஆகியோருக்கு விலக்கு. கீழ்ப்படித் தொகை மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் வரும். பார்க்கச் சிறிய தொகை, ஆனால் நகரத்துக் கூலியாளுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. பணக்காரனைவிட ஏழையின் வருமானத்தில் அது பிடுங்கிய பங்கு பெரிது. தில்லியில் மக்கள் செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே திரண்டு வழிமறித்தார்கள். யானைகளை விட்டு அந்தக் கூட்டத்தைக் கலைத்ததாக வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். போரும் பஞ்சமும் முற்றிய 1704இல் தக்காணத்தில் மட்டும் வசூலை நிறுத்த வேண்டிவந்தது. அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே வரி ஒழிந்தது.

அவர் அரசில் இந்துக்களுக்கு இடமே இல்லையா?

இருந்தது, அதுவும் கூடிக்கொண்டே போனது. உயர்நிலை மன்சப்தார்களில் (பேரரசர் தரம் கொடுத்து நியமித்த அதிகாரிகளில்) இந்துக்கள் அவர் ஆட்சியின் முதல் பாதியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பிற்பாதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இது ஷாஜகான் காலத்தைவிட அதிகம். மராட்டியத் தலைவர்களைப் பதவி கொடுத்து இழுத்ததே முக்கியக் காரணம். ஆம்பேர் ஜெய்சிங், மார்வார் ஜஸ்வந்த்சிங் இருவரும் அவருடைய பெரிய தளபதிகள். தொடக்க ஆண்டுகளில் நிதிப் பொறுப்பைப் பார்த்தவர் ராஜா ரகுநாத். ஜிஸியாவை நியாயப்படுத்த இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே பதவி கிடைத்ததால் கீழே வரி கட்டியவனின் சுமை குறையவில்லை.

குரு தேஜ் பகதூர், சம்பாஜி ஆகியோரைக் கொன்றது?

சீக்கியர்களின் ஒன்பதாம் குருவான தேஜ் பகதூர் 1675 நவம்பரில் தில்லியில் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் இன்று சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. சிவாஜியின் மகன் சம்பாஜி 1689இல் பிடிபட்டு, கொடிய சித்திரவதைக்குப் பின் கொல்லப்பட்டார். இந்த இரண்டு மரணங்களும் இரண்டு சமூகங்களின் நினைவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புண்ணாகவே இருக்கின்றன. ஆட்சிக் கணக்காகப் பார்த்தாலும் அவை அவருக்குப் பெருநட்டம். சம்பாஜியின் சாவோடு மராட்டியர் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் அவர்கள் ஊருக்கு ஊர் எழுந்தார்கள்.

இசையைத் தடை செய்தாராமே?

1668 வாக்கில் அரசவையில் இசைக் கச்சேரிகளை நிறுத்தினார். நாடு முழுக்க இசை அடங்கிப்போகவில்லை. இளவரசர்களும் பிரபுக்களும் பாடகர்களை ஆதரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்திய இசையைப் பற்றிப் பாரசீகத்தில் நல்ல நூல்கள் அவர் காலத்தில் எழுதப்பட்டன.

பிறகு ஏன் தில்லியை விட்டுத் தெற்கே வந்தார்?

1681இல் அவர் மகன் இளவரசர் அக்பர் ராஜபுத்திரர்களோடு சேர்ந்து கலகம் செய்தார். தோற்றதும் சம்பாஜியிடம் அடைக்கலம் தேடித் தெற்கே ஓடினார். கலகக்கார மகனும் மராட்டியரும் ஒன்று சேர்வது பெரிய ஆபத்து. ஔரங்கசீப் தானே தக்காணத்துக்குப் புறப்பட்டார். அப்போது வயது 62. அதன்பிறகு தில்லியை அவர் பார்க்கவே இல்லை.

1686இல் பீஜப்பூர் விழுந்தது. 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் கோல்கொண்டா விழுந்தது, அதுவும் உள்ளிருந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்ததால்தான். இரண்டும் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட நாடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் நடத்தியதெல்லாம் மதப்போர் என்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை எப்படியோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1689இல் சம்பாஜியும் போன பிறகு அவர் வடக்கே திரும்பியிருக்கலாம். வரைபடத்தில் எல்லாம் அவர் கையில். அவர் ஆட்சியின் ஆகப் பெரிய தவறு திரும்பாததுதான். ஜிஸியாவும் கோயில் இடிப்பும் அவருக்குப் பகைவரைத் தந்தன, பேரரசின் இடுப்பை ஒடித்தது இந்தத் தக்காணப் போர். 26 ஆண்டுகள் பேரரசே ஒரு கூடார நகரமாகி, கோட்டை கோட்டையாக அலைந்தது. பிடித்த கோட்டை அடுத்த மழைக்காலத்தில் மராட்டியர் கைக்குப் போகும். 1702 முதல் 1704 வரை தக்காணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின.

தமிழ்நாட்டுக்கு ஔரங்கசீப் வந்தாரா?

அவர் வரவில்லை, அவர் படை வந்தது. செஞ்சிக் கோட்டைக்காக வந்து எட்டு ஆண்டுக்குப் பக்கத்தில் இங்கேயே கிடந்தது.

செஞ்சியைச் சிவாஜி 1677இல் பீஜப்பூரிடமிருந்து பிடித்துப் பலப்படுத்தியிருந்தார். சம்பாஜி கொல்லப்பட்டதும் தம்பி ராஜாராம் முகலாய வளையத்திலிருந்து தப்பி, மாறுவேடத்தில் கன்னட நாட்டைக் கடந்து, கேளடி நாட்டு ராணி சென்னம்மாவின் உதவியோடு 1689 இறுதியில் செஞ்சி வந்து சேர்ந்தார். அதோடு மராட்டிய அரசின் தலைநகரமே இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கு மாறியது.

1690இல் தளபதி சுல்ஃபிகார் கான் வந்து முற்றுகை போட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றை இணைத்து ஓடும் மதில். முழுவதையும் சுற்றி அடைக்க அவரிடம் ஆள் பற்றவில்லை. உதவிக்குப் பேரரசரின் கடைசி மகன் காம் பக்ஷ் வந்தார். வந்தவர் ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். பேரரசர் இறந்துவிட்டார் என்று வதந்தி வேறு பரவியது. வெளியிலிருந்து மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயக் காவலிடங்களை அடித்து நொறுக்கினார்கள். கடைசியில் இளவரசரைக் கைது செய்துவிட்டு, முற்றுகையை விலக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார் சுல்ஃபிகார் கான். பிறகு தஞ்சாவூர் பக்கம் போய்க் கப்பம் வசூலித்தார், மறுபடி வந்தார்.

அவர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. கிழப் பேரரசர் சாகட்டும், தெற்கில் தனக்கென ஒரு நாடு அமைக்கலாம் என்று கணக்குப் போட்டதாகச் சொன்னார்கள். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. வேலூர் வழியாக மராட்டிய நாட்டுக்குத் திரும்பிப் போயிருந்தார். போகவிட்டதே சுல்ஃபிகார் கான்தான் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கோட்டைக்கு நுஸ்ரத்கர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அதன் பொறுப்பு புந்தேல ராஜபுத்திரரான சரூப் சிங்கிடம் போனது. அவருடைய மகன் தேஜ் சிங்தான் நம் ஊர்க் கதைப்பாடல் கொண்டாடும் தேசிங்கு ராஜன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி மாண்டார். அந்தக் கதையில் தேசிங்குக்காக உயிர்விடும் தோழன் மோவத்துக்கான் ஒரு முஸ்லிம். செஞ்சி முற்றுகைக்காக உண்டான முகலாயப் பொறுப்பிலிருந்து வளர்ந்ததுதான் கர்நாடக நவாப் பதவி, பின்னாளில் ஆற்காடு நவாப். 2025இல் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

காஞ்சி வரதர் ஊரைவிட்டுப் போனது இவர் காலத்திலா?

ஆம். 1688 வாக்கில் முகலாயப் படை வருகிறது என்ற அச்சத்தில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனிகளை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். நிலைமை சீரான பிறகும் அங்கிருந்த பாளையக்காரர் திருப்பித்தர மனம் ஒப்பவில்லை. ஆத்தான் ஜீயர் லாலா தோடர்மாலிடம் முறையிட்டார். அவர் படையோடு போய் 1710இல் பெருமாளைக் காஞ்சிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். தாயார் சன்னதி முன்பு இதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. இந்தத் தோடர்மால் அக்பரின் அமைச்சர் அல்ல, நவாப் சாதத்துல்லா கானின் கீழ் இருந்த தலைவர். எந்த அரசின் படைக்கு அஞ்சிப் பெருமாள் ஊரைவிட்டுப் போனாரோ, அந்த அரசின் அதிகாரியே அழைத்துவந்தார். இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சம்பவம் எனக்குத் தெரியாது.

ராணி மங்கம்மாள் ஔரங்கசீப்புக்குப் பணிந்தாரா?

கப்பம் கட்டினார். ஔரங்கசீப்பின் செருப்பை யானைமேல் ஊர்வலமாக அனுப்பி அரசர்களை வணங்கச் சொன்னதாகவும், மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு அவமதித்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையானது, ஆனால் பின்னாளில் எழுதப்பட்ட உள்ளூர்ச் சுவடிகளிலிருந்து வருவது. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: செஞ்சியில் முகலாயப் படை இருந்தபோது, மகனை இழந்து பேரனுக்காக ஆண்ட மங்கம்மாள், போரிடுவதைவிடப் பணம் கொடுப்பது மேல் என்று முடிவெடுத்தார். அந்தப் பக்கம் அமைதியானதால் சாலையும் சத்திரமும் போட அவருக்கு நேரம் கிடைத்தது. கோழைத்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலேயக் கம்பெனியோடு அவர் உறவு எப்படி?

மோதிப் பார்த்த கம்பெனியை மண்டியிட வைத்தார். 1686 முதல் 1690 வரை நடந்த சண்டையில் தோற்ற ஆங்கிலேயர் ஒன்றரை லட்சம் ரூபாய் தண்டம் கட்டி மன்னிப்புக் கேட்டார்கள். 1695இல் ஹஜ் யாத்திரிகர்களோடு திரும்பிய கஞ்ஜே சவாய் என்ற பெரிய கப்பலை ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன் சூறையாடியபோதும் கம்பெனிதான் சிக்கியது.

கோல்கொண்டா விழுந்ததும் சென்னைப்பட்டினம் முகலாய அதிகாரத்தின் கீழ் வந்தது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் 1693இல் முகலாயர் தரப்பு ஆணையால்தான் கம்பெனிக்குக் கிடைத்தன. இதற்கிடையே 1690இல் எதிர்த்தரப்பான ராஜாராமிடமிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையையும் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. இருவர் சண்டையிலும் லாபம் பார்த்தது மூன்றாம் ஆள். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது பணம் கொடுத்துத் தப்பினார்கள்.

அவர் காலத்தில் உலகின் பணக்கார நாடு இந்தியாதானா?

1700இல் உலக உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு இந்தியாவினுடையது என்பது பொருளியல் அறிஞர் ஆங்கஸ் மாடிசனின் மதிப்பீடு. அது துணைக்கண்டம் முழுவதற்கும் பொருந்துவது, ஔரங்கசீப்பின் சாதனை என்று எழுதக் கூடாது. வங்காளத்து நெசவாளரும் சோழமண்டலக் கரைத் தறிகளும் ஈட்டியது அது.

அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது?

மகாராஷ்டிரத்தின் குல்தாபாத்தில், சூஃபி ஞானி ஜைனுத்தீன் ஷிராஸியின் தர்கா முற்றத்தில். மேலே கூரை இல்லாத எளிய மண் கல்லறை. தாஜ்மகால் கட்டியவரின் மகன் அப்படித்தான் வேண்டுமென்று கேட்டிருந்தார். தொப்பி தைத்தும் குர்ஆன் படியெடுத்தும் சேர்த்த பணத்தைப் பற்றிச் சொல்லும் ஓர் உயில் அவர் பேரில் வழங்குகிறது. சொந்த வாழ்க்கையில் எளிமையானவர் என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்த எளிமைக்கும் போரில் கரைந்த கோடிகளுக்கும் சம்பந்தமில்லை. தில்லியில் ஔரங்கசீப் சாலை 2015இல் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சாலையானது. ஔரங்காபாத் நகரம் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர். கல்லறையை அகற்றக் கோரி 2025 மார்ச்சில் கிளம்பிய போராட்டத்தை ஒட்டி நாக்பூரில் கலவரம் நடந்தது.

பேரரசு வீழ்ந்ததற்கு அவர்தான் காரணமா?

பெருமளவுக்கு ஆம், தனியாக அல்ல. தக்காணத்தில் ஒவ்வொரு தலைவரையும் பதவி கொடுத்து இழுத்ததில் மன்சப்தார்கள் பெருகினார்கள், அவர்களுக்குச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்க வருவாய் தரும் ஜாகீர் நிலம் இல்லை. கிடைத்தவர் அடுத்த ஆண்டு இருக்குமோ என்று பயந்து உழவரைக் கசக்கினார். அப்புறம், அவர் அளவுக்கு மீறி வாழ்ந்தார். அவர் இறந்தபோது மூத்த வாரிசு முவஸ்ஸமுக்கு 63 வயது. இன்னொரு மகன் ஆஸம் அதே ஆண்டும், காம் பக்ஷ் 1709இலும் முவஸ்ஸமோடு போரிட்டு மாண்டார்கள். முவஸ்ஸமும் 1712இல் போய்விட்டார்.

யார் எழுதியதை நம்பிப் படிப்பது?

யாரையும் முழுதாக நம்ப வேண்டாம், எல்லாரையும் படியுங்கள். அரசவை வரலாற்றாசிரியர் சாகி முஸ்தைத் கான் புகழ்வார். காஃபி கான் கதை சேர்ப்பார். வெனிஸ்காரர் நிக்கோலாவோ மனூச்சி தாராவின் பீரங்கிப் படையில் இருந்தவர், ஔரங்கசீப்பை வெறுத்தவர். அவர் 1686 முதல் சென்னையில் குடியிருந்து வைத்தியம் பார்த்தார், தாவூத் கானிடம் கம்பெனியின் தூதராகவும் போனார். ஆகவே நம் பகுதி பற்றி அவர் எழுதியதற்குத் தனி மதிப்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் பீம்சேன் சக்சேனா. முகலாயப் படையில் வேலை பார்த்த காயஸ்தர், செஞ்சி முற்றுகையில் நேரில் இருந்தவர். தளபதிகளின் பேராசையையும், சம்பளம் வராத வீரர்களின் பட்டினியையும், இந்தத் தெற்கில் எங்கு பார்த்தாலும் நிற்கும் கோயில்களையும் ஒரே கையால் எழுதிவைத்திருக்கிறார்.